15:02 என்றால் மணி இல்லையாம்: அம்மாவுக்கு வந்தது என் மகளுக்கும் வருமா?

கடைசிப்பக்கம்:

கொஞ்சம் நீளமாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். சுருக்கிச் சொல்லித்தான் ஒரு இடத்தில் தப்புப் பண்ணிவிட்டேன்.

அம்மாவுக்கு 58 வயது. வலது கன்னத்தில் மின்சாரம் பாய்வது போல ஒரு வலி. பல் துலக்கினால் வரும், முகம் கழுவினால் வரும், ஃபேன் காற்று பட்டால்கூட வரும். பல்வலி என்று நினைத்து நல்ல கடைவாய்ப் பல் ஒன்றைப் பிடுங்கியும் பார்த்தாயிற்று. கடைசியில் நரம்பு மருத்துவர், முகநரம்பு வலி என்று சொல்லி கார்பமாஸெபின் எழுதினார். மூன்றாம் நாளே வலி பாதியாகிவிட்டது. அம்மா அந்த மாத்திரையைக் கடவுள் மாதிரி பேசிக்கொண்டிருந்தாள்.

பதின்மூன்றாம் நாள் காய்ச்சல். கண் எரிகிறது, எச்சில் விழுங்க முடியவில்லை என்றாள். வீட்டில் எல்லோருக்கும் அப்போது சளி. அதேதான் இவளுக்கும் என்று பாராசிட்டமால் கொடுத்தேன். "வலி மாத்திரையை மட்டும் விட்டுடாதே, திரும்ப வந்துடும்" என்று நானே தண்ணீர் டம்ளரோடு பக்கத்தில் நின்றேன். இரண்டு நாள், நான்கு வேளை. பதினைந்தாம் நாள் மார்பில் கருஞ்சிவப்பு வட்டங்கள். இரவுக்குள் உதடெல்லாம் கொப்புளம். மறுநாள் எமர்ஜென்சியில் பிரஷர் பார்க்கக் கட்டிய பட்டையைக் கழற்றினார்கள். புஜத்துத் தோல் அதோடு வந்துவிட்டது.

ஸ்டீவன்ஸ்-ஜான்சன் என்றார்கள், மருந்தால் தோல் உரியும் நோயாம். நோயாளியின் உள்ளங்கையும் விரல்களும் சேர்ந்தால் உடம்பின் ஒரு சதவீதமாம். அப்படி அளந்து, உரிந்த இடம் 14 என்று எழுதினார் ஒரு இளம் மருத்துவர். பத்தைத் தாண்டினால் அடுத்த கட்டமாம், முப்பதைத் தாண்டினால் அதற்குப் பெயரே வேறாம். 23 நாள் கழித்து வீட்டுக்கு வந்தாள். இப்போது எட்டு மாதம் ஆகிறது. தோல் வந்துவிட்டது, ஆங்காங்கே திட்டுத்திட்டாக நிறம் மட்டும் மாறியிருக்கிறது. கண்ணுக்கு மட்டும் சொட்டு மருந்து நிற்கவில்லை.

டிஸ்சார்ஜ் காகிதத்தில் கடைசிப் பக்கத்தில் "15:02 பாசிட்டிவ்" என்று ஒரு வரி. பகல் 3 மணி 2 நிமிடத்துக்கு எடுத்த ஏதோ ஒரு ரத்தப் பரிசோதனை என்று நினைத்துக் கோப்பில் வைத்துவிட்டேன். நேற்றுதான் முழு வரியையும் படித்தேன். எச்எல்ஏ-பி என்று முன்னால் இருந்தது. மரபணுவாம்.

நேற்று ஏன் படித்தேன் என்றால், என் மகளுக்கு 9 வயது, போன மாதம் இரண்டு தடவை வலிப்பு வந்தது. குழந்தை மருத்துவர் ஆக்ஸ்கார்பஸெபின் எழுதியிருக்கிறார். வீட்டில் யாருக்காவது மருந்து அலர்ஜி உண்டா என்று கேட்டார். "பாட்டிக்கு ஒரு மாத்திரை ஒத்துக்கலை" என்று சொன்னேன். சொன்னது அவ்வளவுதான். அவரும் குறித்துக்கொண்டார். வீட்டுக்கு வந்து மாத்திரை அட்டையைப் பார்த்ததும் பெயரின் பின்பாதி கண்ணில் பட்டது. அட்டையை இன்னும் பிரிக்கவில்லை. வியாழக்கிழமை மறுபடி மருத்துவரைப் பார்க்கிறோம்.

என் கேள்விகள்: பிறந்ததிலிருந்தே இருந்த மரபணு 58 வருஷம் சும்மா இருந்துவிட்டு ஏன் இப்போது வேலையைக் காட்டியது? என் மகளுக்கு அது இருக்குமா? இன்னொன்று, இதை வீட்டில் யாரிடமும் கேட்கவில்லை. அந்த நான்கு வேளை மாத்திரையை நான் கொடுக்காமல் இருந்திருந்தால்?

---

உப்புத்துளி:

தங்கச்சி, முதலில் ஒன்று. அட்டையைப் பிரிக்காதது சரி. ஆனால் வியாழக்கிழமை வரை காத்திருக்க வேண்டாம். வலிப்பு வந்த பிள்ளை மருந்தில்லாமல் இருப்பதும் ஆபத்துதான். இன்றே அந்த மருத்துவருக்குப் போன் செய்து "ஸ்டீவன்ஸ்-ஜான்சன்" என்ற பெயரைச் சொல்லுங்கள். "ஒத்துக்கலை" என்று சொல்லவே சொல்லாதீர்கள். வாந்தி வந்தாலும் ஒத்துக்கலைதான், அரிப்பு வந்தாலும் ஒத்துக்கலைதான். நமக்கு வந்தது அதுவல்ல.

எனக்கு ஆறு வருஷத்துக்கு முன் அலோப்யூரினாலில் வந்தது. கால் கட்டைவிரல் வீங்கி, யூரிக் ஆசிட் அதிகம் என்று கொடுத்தார்கள். 19-வது நாள் காய்ச்சல். எனக்கும் முதலில் கண்ணும் தொண்டையும்தான். மெட்ராஸ் ஐ என்று நினைத்து நானே சொட்டு மருந்து போட்டுக்கொண்டேன். தோலில் ஒன்றுமே இல்லாதபோது தோல் வியாதி என்று யாருக்குத் தோன்றும்? உங்கள் நான்கு வேளை பற்றி எனக்கு மருத்துவம் தெரியாது. ஆனால் என்னை மாதிரி ஆட்களோடு ஆறு வருஷமாகப் பேசிக்கொண்டிருக்கிறேன். முதல் இரண்டு நாள் "காய்ச்சல்தான்" என்று இல்லாமல் கடந்து வந்தவர் ஒருவரையும் நான் பார்த்ததில்லை. மருத்துவமனையில் வேலை பார்க்கிற ஒருவர் உட்பட.

வலியைப் பற்றி எல்லோரும் கேட்பார்கள். எனக்கு நினைவில் நிற்பது போர்வை. உடம்பில் பட முடியாமல் கம்பி வளைவு வைத்து மேலே விரித்திருந்தார்கள். அப்புறம் குளிர். தோல் இல்லாவிட்டால் உடம்புச் சூடு நிற்காது என்பது அன்றுதான் தெரிந்தது. எதிர்ப் படுக்கைக்கு வந்த ஒருவர் "எந்த நெருப்பில் பட்டது?" என்று கேட்டார். மூன்று மாதம் கழித்து நகங்கள் ஒவ்வொன்றாகக் கழன்றன. திரும்ப வளர்ந்துவிட்டன, பெருவிரல் நகம் மட்டும் மேடு பள்ளமாக.

அம்மாவின் கண்ணை விட்டுவிடாதீர்கள். எட்டு மாதம் ஆனதும் சொட்டு மருந்தோடு பழகிவிடுவோம். இமை முடி உள்பக்கமாக வளைந்து கருவிழியை உரசுவது மெதுவாகத்தான் நடக்கும். எனக்கு ஒரு வருஷம் கழித்துக் கண்டுபிடித்தார்கள். "மண் விழுந்த மாதிரி இருக்கு" என்று அம்மா சொன்னால், அது வறட்சி என்று நீங்களே முடிவு பண்ணாதீர்கள். கருவிழி மருத்துவரிடம் காட்டுங்கள்.

---

திசுப்பொருத்தம்:

நான் மருத்துவர் இல்லை. ஆய்வகத்தில் எச்எல்ஏ வகை பார்ப்பதுதான் 17 வருஷமாக என் வேலை. சிறுநீரகம், எலும்பு மஜ்ஜை மாற்றுக்குப் பொருத்தம் பார்க்க வருகிற ரத்தம்தான் பெரும்பாலும். அதனால் உங்கள் கேள்வியை நான் கொஞ்சம் வேறு பக்கத்திலிருந்து பார்க்கிறேன். 15:02 என்ற எண்ணை நான் அடிக்கடி பார்ப்பேன். யாரிடம் தெரியுமா? அண்ணனுக்குச் சிறுநீரகம் கொடுக்க வந்த, ஒரு நோயும் இல்லாத தம்பியிடம். அது பழுதான மரபணு இல்லை. உங்கள் அம்மாவிடம் எதுவும் கெட்டுப்போயிருக்கவில்லை. இதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

மருத்துவர் நாக்கை நீட்டச் சொல்வார் இல்லையா, அதுபோல உடம்பின் ஏறக்குறைய எல்லாச் செல்லும் உள்ளே என்ன நடக்கிறது என்பதை நாள் முழுதும் வெளியே நீட்டிக் காட்டிக்கொண்டிருக்கிறது. உள்ளே தயாரான புரதங்களை வெட்டி, எட்டிலிருந்து பத்து அமினோ அமிலம் நீளத் துணுக்குகளாக எடுத்து, ஒரு பள்ளத்தில் வைத்து மேலே கொண்டுவரும். அந்தப் பள்ளம் உள்ள புரதம்தான் எச்எல்ஏ. நோய் எதிர்ப்புப் படையைச் சேர்ந்த டி செல்கள் வந்து தடவிப் பார்த்துவிட்டுப் போகும். நம்முடைய துணுக்கு என்றால் பேசாமல் போகும். வைரஸ் துணுக்கு என்றால் அந்தச் செல்லைக் கொன்றுவிடும்.

பள்ளத்தின் வடிவம் ஆளுக்கு ஆள் வேறு. ஆறாவது குரோமோசோமில் இருக்கிற இந்த மரபணுக்களைப் போல மனிதருக்கு மனிதர் மாறுபடுவது வேறு எதுவும் இல்லை. பி என்ற இடத்துக்கு மட்டுமே ஆயிரக்கணக்கான வடிவங்கள் உண்டு. 15 என்பது குடும்பம், 02 அந்தக் குடும்பத்தில் ஒரு உறுப்பினர். மணி என்று நீங்கள் நினைத்ததில் தப்பே இல்லை, நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் 27:05 என்று ஒரு நோயாளிக்கு வந்ததை என் சக ஊழியர் "27 மணி ஏது?" என்று கேட்டார்.

இத்தனை வடிவம் எதற்கு என்றால், ஒரு கிருமி எல்லோரையும் ஏமாற்ற முடியாமல் இருக்கத்தான். ஒருவரின் பள்ளத்தில் சிக்காத துணுக்கு இன்னொருவரிடம் சிக்கும். இதற்கு எனக்குப் பிடித்த உதாரணம் பி*57:01. எச்ஐவி தொற்றினாலும் மருந்தில்லாமலே வைரஸைக் கட்டுக்குள் வைத்திருக்கும் அபூர்வமானவர்களிடம் இந்த வகை அதிகம் காணப்படுகிறது. அதே எச்ஐவிக்குக் கொடுக்கும் அபாகவிர் என்ற மருந்து, அதே வகைக்காரர்களுக்குத்தான் கடும் ஒவ்வாமையைத் தரும். ஒரே பள்ளம், காப்பதும் அதுதான், காலை வாருவதும் அதுதான்.

இனி உங்கள் 58 வருஷக் கேள்வி. 15:02-இன் பள்ளத்தில் கார்பமாஸெபின் மூலக்கூறு நேராக வந்து உட்கார்ந்துவிடுகிறது. கல்லீரல் மாற்ற வேண்டியதில்லை, வேதிப்பிணைப்பும் தேவையில்லை. உட்கார்ந்ததும் அந்தப் பள்ளம் அந்நியமாகத் தெரிகிறது. அம்மாவுக்கு 58 வருஷமும் அந்தப் பள்ளம் இருந்தது. உட்காருகிற பொருள் வரவில்லை, அவ்வளவுதான்.

பதின்மூன்று நாள் ஏன் என்றால், அந்த வடிவத்தை அடையாளம் காணக்கூடிய டி செல்கள் முதலில் விரல்விட்டு எண்ணுகிற அளவில்தான் இருக்கும். அவை பெருகி ஒரு படையாக வேண்டும். அதனால்தான் பெரும்பாலும் மருந்து தொடங்கிய நான்காம் நாளிலிருந்து நான்கு வாரத்துக்குள் வருகிறது, எட்டு வாரம் தாண்டினால் அபூர்வம். இதனால்தான் இரண்டாம் முறை கொடுத்துப் பார்ப்பது கொலைக்குச் சமம். படை அப்போது தயாராக இருக்கும், ஓரிரு நாளிலேயே வந்துவிடும்.

அந்தச் செல்கள் தோலுக்கு வந்து என்ன செய்கின்றன என்பதில் ஒரு புதிர் நெடுநாள் இருந்தது. உரிந்த தோலை நுண்ணோக்கியில் பார்த்தால் மேல்தோல் முழுக்கச் செத்திருக்கும், கொன்ற செல்கள் கொஞ்சம்தான் இருக்கும். இத்தனை பேரை இத்தனை சிலர் எப்படிக் கொன்றார்கள்? 1998-இல் ஃபாஸ் லிகண்ட் என்ற மூலக்கூறைக் காரணமாகக் காட்டினார்கள். 2008-இல் தைவான் குழு கொப்புள நீரையே எடுத்து ஆராய்ந்தது. அதில் கிரானுலைசின் என்ற புரதம் மற்ற கொல்லும் புரதங்களைவிடப் பல மடங்கு அதிகம் இருந்தது. டி செல்லும் இயற்கைக் கொல்லி செல்லும் அதைக் கக்குகின்றன, கக்கிய செல் தோல் செல்லைத் தொட வேண்டியதில்லை, அந்தப் புரதம் நீரில் பரவியே கொல்லும். எலியின் தோலில் அதை ஊசியாகப் போட்டபோது அங்கும் கொப்புளம் வந்தது. அம்மாவின் கொப்புளத்தில் இருந்த நீர், காயத்தின் விளைவு மட்டும் இல்லை, காயத்தின் காரணமும் அதிலேயே மிதந்தது.

இப்போது உங்கள் மூன்றாவது கேள்வி. பூசி மெழுக மாட்டேன். மருந்தை எவ்வளவு சீக்கிரம் நிறுத்துகிறோமோ அவ்வளவு நல்லது, இதற்கு ஆய்வு ஆதாரம் உண்டு. அதனால்தான் இதை எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும் என்று நான் கத்திக்கொண்டிருக்கிறேன். ஆனால் காய்ச்சல் வந்த அன்று படை ஏற்கெனவே பெருகிவிட்டது. அதைப் பெருக்கியது முதல் 12 நாளின் 24 வேளை. அந்த 24-ஐ எழுதிக்கொடுத்தவர் மருத்துவர், அதுவும் சரியான நோய்க்குச் சரியான மருந்து. உங்கள் நான்கை மட்டும் தனியாக எடுத்துத் தராசில் வைக்காதீர்கள். அதை அளக்கிற தராசு யாரிடமும் இல்லை.

மகளுக்கு: ஆக்ஸ்கார்பஸெபினும் கார்பமாஸெபினும் ஒரே சட்டத்தில் செய்த இரண்டு மூலக்கூறுகள். 15:02 உள்ளவர்களுக்கு ஆக்ஸ்கார்பஸெபினிலும் இது வந்திருக்கிறது, கார்பமாஸெபினைவிடக் குறைவாக. ஃபெனிட்டாயின், லாமோட்ரிஜின் ஆகிய வலிப்பு மருந்துகளையும் மருத்துவர்கள் சந்தேகத்தோடுதான் பார்ப்பார்கள். நமக்கு எச்எல்ஏ-பி இரண்டு உண்டு, ஒன்று அம்மாவிடமிருந்து, ஒன்று அப்பாவிடமிருந்து. பாட்டியிடம் ஒரு பிரதி இருந்தால் உங்களுக்கு வந்திருக்க இரண்டில் ஒன்று. உங்கள் வழியாக மகளுக்கு நான்கில் ஒன்று. கணவர் பக்கத்திலிருந்தும் வரலாம், அதனால் "எனக்கு இல்லை, ஆகவே அவளுக்கும் இல்லை" என்று கணக்குப் போடாமல் மகளின் ரத்தத்தையே நேராகப் பாருங்கள். வாழ்நாளில் ஒருமுறை பார்த்தால் போதும், மாறாது.

---

நேர்க்கோடு:

எல்லாம் சரி. ஆனால் என் மாமா 11 வருஷமாகக் கார்பமாஸெபின் சாப்பிடுகிறார், ஒன்றும் ஆகவில்லை. இப்படி எழுதி எழுதிப் பயமுறுத்தித்தான் ஆட்கள் வலிப்பு மாத்திரையை நிறுத்திவிட்டு நடுரோட்டில் விழுகிறார்கள். மலிவான கம்பெனி மாத்திரையாக இருந்திருக்கலாம். அப்புறம் இந்த மரபணு டெஸ்ட் எல்லாம் ஆய்வகங்களுக்கு வியாபாரம். திசுப்பொருத்தம் அவர்களே ஆய்வக ஆள்தான் என்பதையும் கவனிக்கவும்.

---

திசுப்பொருத்தம்:

கவனிக்கத்தான் வேண்டும், நியாயம். நடுரோட்டில் விழுவது பற்றிச் சொன்னதும் நியாயம். இதைப் படித்துவிட்டு யாரும் ஓடிக்கொண்டிருக்கும் மருந்தைத் தானே நிறுத்த வேண்டாம். உங்கள் மாமா 11 வருஷம் தாண்டிவிட்டார் என்றால் அவருக்கு இந்தப் பரிசோதனையே தேவையில்லை. ஆபத்துக் காலம் முதல் இரண்டு மாதம்தான்.

கம்பெனி விஷயம் தவறு. பிரச்சினை மூலக்கூறில் இருக்கிறது, யார் செய்தாலும் அதே மூலக்கூறுதான். விலை கூடிய மாத்திரையும் அதே பள்ளத்தில்தான் உட்காரும்.

வியாபாரம் பற்றி எண்ணாகவே சொல்கிறேன். ஸ்டீவன்ஸும் ஜான்சனும் இரண்டு சிறுவர்களைப் பற்றி எழுதியது 1922. லயல் என்ற மருத்துவர் நான்கு பேரைப் பார்த்து இதன் கடுமையான வடிவத்துக்குப் பெயர் வைத்தது 1956. யாருக்கு வரும் என்று முன்கூட்டிச் சொல்ல அதற்குப் பிறகும் நெடுங்காலம் யாராலும் முடியவில்லை. 2004-இல் தைவானில் கார்பமாஸெபினால் இது வந்த ஹான் சீனர்கள் 44 பேரைப் பார்த்தார்கள். 44 பேரிடமும் 15:02. மருந்தைத் தாங்கிக்கொண்ட 101 பேரில் 3 பேரிடம் மட்டும். என் துறையில் இவ்வளவு சுத்தமான அட்டவணையைப் பார்ப்பது அரிது. நான் முதன்முதலில் படித்தபோது அச்சுப்பிழை என்றே நினைத்தேன்.

அப்புறம் அதை நடைமுறையில் சோதித்து 2011-இல் வெளியிட்டார்கள். மருந்து தொடங்கும் முன்பே 4877 பேருக்கு ரத்தம் பார்த்தார்கள். 7.7 சதவீதத்தினருக்கு 15:02 இருந்தது, அவர்களுக்கு வேறு மருந்து. மற்றவர்களுக்குக் கார்பமாஸெபின். பழைய கணக்குப்படி ஏறக்குறைய 10 பேருக்கு இந்த நோய் வந்திருக்க வேண்டும். ஒருவருக்கும் வரவில்லை.

ஆனால் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும், அங்கேதான் உங்கள் சந்தேகத்துக்கு இடம் இருக்கிறது. 15:02 உள்ள நூறு பேர் கார்பமாஸெபின் சாப்பிட்டால் சில பேருக்குத்தான் வரும், மற்ற தொண்ணூற்றுச் சொச்சம் பேருக்கு ஒன்றும் ஆகாது. பள்ளம் இருந்தால் மட்டும் போதாது, அந்தப் பள்ளத்தில் உட்கார்ந்த மருந்தை அடையாளம் காணும் டி செல்லும் அவரிடம் இருக்க வேண்டும். டி செல் தடவிப் பார்க்கப் பயன்படுத்தும் ஏற்பியின் மரபணுவை உடம்பு தன் போக்கில் வெட்டி ஒட்டிச் செய்துகொள்கிறது, அதைப் பெற்றோர் அப்படியே கொடுப்பதில்லை. நோய் வந்தவர்களில் பெரும்பாலோரிடம் குறிப்பிட்ட ஒரு ஏற்பி திரும்பத் திரும்பத் தென்பட்டது, மருந்தைத் தாங்கியவர்களிடம் தென்படவில்லை. ஆக "பாசிட்டிவ்" என்ற சொல் "வரும்" என்று சொல்லவில்லை. "வேறு மருந்து இருக்கும்போது இதை ஏன் தொட வேண்டும்" என்று மட்டும் சொல்கிறது. நெகட்டிவும் முழு அனுமதிச் சீட்டு இல்லை. ஐரோப்பியர்களிடமும் ஜப்பானியர்களிடமும் 15:02 கிட்டத்தட்ட இல்லை, அங்கே இதே மருந்தின் தோல் பாதிப்புகளோடு ஏ*31:01 என்ற வேறொரு வகை சேர்ந்து வருகிறது. நெகட்டிவ் வந்தாலும் முதல் எட்டு வாரம் கண், வாய், காய்ச்சல் மூன்றையும் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.

உப்புத்துளி சார், உங்கள் கதையில் ஒரு கேள்வி. உங்களுக்கு அப்போது சிறுநீரகம் எப்படி இருந்தது?

---

உப்புத்துளி:

கிரியேட்டினின் கொஞ்சம் கூடுதல்தான். மாத்திரை முழு அளவில்தான் தொடங்கினார்கள். ஏன் கேட்கிறீர்கள்?

---

திசுப்பொருத்தம்:

அலோப்யூரினாலுக்கு உரிய வகை பி*58:01. அது 2005-இல் வெளிவந்தது, அதே தைவான் குழு. அங்கே 51 நோயாளிகளிடமும் இருந்தது. ஆனால் மருந்தைத் தாங்கியவர்களிலும் 15 சதவீதத்தினரிடம் இருந்தது. அலோப்யூரினால் உடம்பில் ஆக்ஸிப்யூரினாலாக மாறிச் சிறுநீரகம் வழியாக வெளியேறும். சிறுநீரகம் மந்தமாக இருந்தால் அது ரத்தத்தில் தேங்கும், பள்ளத்தில் உட்காரக் கூடுதல் நேரம் கிடைக்கும். குறைந்த அளவில் தொடங்கி மெல்ல ஏற்றச் சொல்வது இதனால்தான். ஃபெனிட்டாயினிலும் இதே மாதிரி ஒன்று 2014-இல் தெரிந்தது: அந்த மருந்தை உடைக்கும் கல்லீரல் நொதி மந்தமாக வேலை செய்யும் மரபணு வகை உள்ளவர்களுக்கு ஆபத்து அதிகம். பள்ளம் ஒரு பக்கம், மருந்து எவ்வளவு நேரம் தங்குகிறது என்பது இன்னொரு பக்கம். உங்கள் பிள்ளைகள் 58:01 பார்த்துவிட்டார்களா?

---

உப்புத்துளி:

ஆறு வருஷத்தில் இதை யாரும் சொல்லவில்லை. பெரியவனுக்கு யூரிக் ஆசிட் ஏற ஆரம்பித்திருக்கிறது. இன்றைக்கே பேசுகிறேன். நன்றி என்று எழுதினால் சின்னதாகத் தெரிகிறது.

---

இரவுப்பணி:

தீக்காயப் பிரிவில் நர்ஸ். எங்களிடம் வருகிற இந்த நோயாளிகளுக்குக் கையில் பசைப் பட்டையே ஒட்ட மாட்டோம். ஊசிக்குழாயைக்கூடத் துணி சுற்றித்தான் நிறுத்துவோம், அம்மாவுக்கு பிரஷர் பட்டையில் நடந்தது மாதிரி நடக்கும் என்பதால். முதல் நாளே கண் மருத்துவரைக் கூப்பிடச் சொல்லி நான் சண்டை போடுவது வழக்கம்.

ஒரு சந்தேகம். திசுப்பொருத்தம் மேடம், சல்ஃபா மருந்துக்கும் இப்படி ஒரு எண் இருக்கிறதா? சிகிச்சைக்குப் புதிதாக ஏதோ ஜாக் மாத்திரை என்றும் பேசிக்கொள்கிறார்கள்.

---

திசுப்பொருத்தம்:

சல்ஃபாவுக்கு உறவான, தொழுநோய்க்குத் தரும் டாப்சோனின் கடும் எதிர்வினைக்கு பி*13:01, 2013-இல் சீனாவில் கண்டது. பாக்டீரியாவுக்குத் தரும் சல்ஃபாவுக்கு 15:02 போல எல்லோரும் ஒத்துக்கொள்கிற ஒற்றை எண் இல்லை.

ஜாக் பற்றி: 2024-இல் வந்தது. நோயாளிகளின் தோலை வெட்டி, செல் செல்லாக எடுத்து எந்தப் புரதங்கள் கூடியிருக்கின்றன என்று அளந்தார்கள். இன்டர்ஃபெரான் கட்டளையை ஏற்றுச் செல்லும் ஜாக்-ஸ்டாட் பாதை கொழுந்துவிட்டு எரிந்துகொண்டிருந்தது. அதை அடைக்கும் மாத்திரைகள் வேறு நோய்களுக்கு ஏற்கெனவே உண்டு. 7 பேருக்குக் கொடுத்தார்கள், ஏழு பேரும் பிழைத்தார்கள். ஏழு என்பது சின்ன எண். ஆனாலும் கடுமையான வடிவத்தில் மூன்றில் ஒரு பங்குவரை இறந்துபோகிற நோயில் அந்த ஏழு பேரை நான் அலட்சியம் செய்ய மாட்டேன்.

---

கடைசிப்பக்கம்:

பதினொரு நாள் கழித்து வருகிறேன்.

உப்புத்துளி அண்ணா சொன்ன மாதிரி அன்றே போன் செய்து முழுப் பெயரையும் சொன்னேன். மருத்துவர் கொஞ்ச நேரம் பேசவே இல்லை. அப்புறம் "அந்த அட்டையை எடுத்துத் தனியா வையுங்க, குழந்தைக்குக் குடுக்காதீங்க" என்றார். அன்று மாலையே லெவெடிராசிட்டம் மாற்றி எழுதினார், இந்தப் பள்ளத்தோடு சம்பந்தமில்லாத வேறு சட்டமாம். ரத்தம் எனக்கும் மகளுக்கும் கொடுத்தோம். நேற்று வந்தது. எனக்கு பாசிட்டிவ். அவளுக்கு இல்லை.

அம்மாவிடம் சொல்லியிருக்கக் கூடாதோ என்னவோ. எனக்கு இருக்கிறது என்றதும் "நான்தானே உனக்குக் குடுத்தேன்" என்று ஆரம்பித்துவிட்டாள். எட்டு மாதமாக நான் நான்கு வேளையை எண்ணிக்கொண்டிருந்தேன், இப்போது அவள் எண்ண ஆரம்பித்திருக்கிறாள். திசுப்பொருத்தம் மேடம் எழுதியதில் அந்தச் சிறுநீரகம் கொடுக்க வந்த தம்பி வரைக்கும் உள்ளதை உரக்கப் படித்துக் காட்டினேன். "அவன் நல்லா இருக்கானா?" என்று கேட்டாள். இருப்பார் என்றுதான் சொல்லிவைத்தேன்.

அம்மாவுக்கும் எனக்கும் பர்ஸில் வைக்க அட்டை எழுதப் போகிறேன். என்னென்ன எழுத வேண்டும்?

---

திசுப்பொருத்தம்:

அம்மாவிடம் சொல்லுங்கள், நன்றாக இருக்கிறார். அண்ணனும்தான்.

---

உப்புத்துளி:

மேலே நோயின் முழுப் பெயர். அடுத்து மருந்தின் வேதிப்பெயர், கம்பெனிப் பெயர் வேண்டாம், அது கடைக்குக் கடை மாறும். வந்த வருஷமும் எத்தனையாவது நாளில் வந்தது என்பதும். அதற்குக் கீழே அம்மாவுக்குத் தவிர்க்க வேண்டிய மற்ற மருந்துகள், இதை மருத்துவரைக் கேட்டு அவர் கையாலேயே எழுதி வாங்குங்கள். உங்கள் அட்டையில் நோய் என்று எழுதாதீர்கள், உங்களுக்கு நோய் வரவில்லை. எச்எல்ஏ எண்ணை மட்டும் முழுதாக, பி-யும் நட்சத்திரமும் விடாமல் எழுதுங்கள். 15:02 என்று மட்டும் எழுதினால் யாராவது மறுபடி மணி என்று நினைப்பார்கள்.

மறக்காமல் லேமினேட் செய்துவிடுங்கள். என் முதல் அட்டையை சட்டைப் பையில் கண் சொட்டு மருந்தோடு வைத்திருந்தேன். மூடி கசிந்து, "அலோ" வரைக்கும்தான் மிச்சம்.